ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் வேல்விழி ஹாஸ்டல் வார்டனிடம் போய், "மேடம், இனிமே எனக்கு மெஸ் வேண்டாம். தங்குறதுக்கு மட்டும் போட்டுக்கோங்க" என்றாள்.

வார்டன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்ப சாப்பாட்டுக்கு என்ன செய்வ?"

"வெளிய பாத்துக்கிடுவேன் மேடம். மெஸ் சாப்பாடு எனக்கு ஒத்துக்கிட மாட்டேங்குது."

சொல்லும்போதே சமையலறையிலிருந்து கத்திரிக்காய்க் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டு தாளில் கையெழுத்துப் போட்டாள்.

அவளுடைய ஊர் வெம்பக்கோட்டைக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஜூன் மாதம் பக்கத்துக் கம்பெனியில் வெடித்து நான்கு பேர் செத்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், சுற்றியிருந்த கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டார்கள். தீபாவளி சீசனில் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடவேண்டிய ஊர், பகலிலேயே படுத்துக் கிடந்தது. அப்பா கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார். அம்மா செல்வலட்சுமி நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விருதுநகரில் எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருஷம் படிக்கிற மகளுக்கு இன்னும் எட்டே மாதம் பாக்கி. "எப்படியாச்சும் முடிச்சிரு தாயி" என்பதைத்தான் அம்மா ஃபோனில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்கு முன்னால் கேட்கிற கேள்வி, "சாப்பிட்டியா?" வேல்விழி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சாப்பாட்டின் பெயரைச் சொன்னாள். நேற்றுப் புளியோதரை என்றால் இன்றைக்குச் சாம்பார் சாதம்.

உண்மையில் காலையில் ஒரு டீயும் பன்னும். பன்னை டீயில் முக்கித் தின்றால் வயிற்றில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும் என்று கண்டுபிடித்திருந்தாள். மதியத்துக்குப் பொரியும் உடைந்த பொட்டுக்கடலையும். பஜாரில் மூட்டையைப் பிரித்துச் சலிக்கும்போது விழுகிற நொறுங்கலை ஒரு கடைக்காரர் மலிவாகக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடந்தே போய் அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் சாப்பிடுவாள். மற்ற நாட்களில் வகுப்பு முடிந்து போய்ச் சேர்வதற்குள் அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

ராத்திரிச் சாப்பாடுதான் கஷ்டம். கொஞ்ச நாள் புரோட்டாக் கடையில் ஒரே ஒரு புரோட்டா பார்சல் வாங்கினாள். சால்னா இரண்டு பொட்டலம் கேட்டு வாங்கி, ஒன்றைப் புரோட்டாவில் ஊற்றிக்கொண்டு, இன்னொன்றைச் சூடு ஆறுவதற்குள் குடித்துவிடுவாள். பத்து நாள் சிரித்துக்கொண்டே கொடுத்த மாஸ்டர், பதினோராவது நாள் கூட்டம் நின்றபோது, "ஏம்மா, வாங்குறது ஒரு புரோட்டா, அதுக்கு எம்புட்டுச் சால்னா?" என்று சத்தமாகக் கேட்டார். கல்லைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு அந்தத் தெருப் பக்கமே போவதை விட்டாள்.

பிறகு ஊரிலிருந்து ரேஷன் அரிசி கொண்டு வந்தாள். அவளோடு ஒரே அறையில் இருந்த பிரீத்திகாவிடம் தண்ணீர் சுட வைக்கிற மின்சாரக் கெட்டில் ஒன்று சும்மா கிடந்தது. அதில் அரிசியைப் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் குடித்தாள். பிரீத்திகா சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கிற வீட்டுப் பெண். எம்.காம். படித்தாள். நல்ல மனசுக்காரி, கலகலவென்று பேசுவாள். ஆனால் பசி என்பது இன்னொருத்திக்கு வருகிற விஷயம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"இதெல்லாம் என்னடி டயட்டு? எனக்கும் சொல்லிக் குடு. எப்படிடி இம்புட்டு ஒல்லியா இருக்க?" என்பாள்.

வேல்விழி சிரித்துவிடுவாள்.

செப்டம்பர் தொடக்கத்தில் கெட்டில் பொங்கி, மாடி முழுக்கக் கரண்ட் போயிற்று. வார்டன் அறை அறையாக வந்து சோதனை போட்டு, கெட்டிலை எடுத்துக்கொண்டு போனார். அரிசிப் பை மட்டும் கட்டிலுக்கடியில் மிஞ்சியது. இரண்டு நாள் அந்த அரிசியை ஊறவைத்து மென்று பார்த்தாள். வயிற்றைப் பிடுங்கியது.

மூன்றாம் நாள் வகுப்பில் கரும்பலகை எழுத்துகள் ஊர ஆரம்பித்தன. பதினொன்றரை மணிக்கே எழுந்து ஹாஸ்டலுக்கு வந்தாள். ஹாஸ்டல் வெறிச்சென்று கிடந்தது. தண்ணீர் குடிக்கச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனவள், தண்ணீர் பாட்டிலுக்காக ஃபிரிட்ஜைத் திறந்தாள். கீழ்த்தட்டு முழுக்கப் பிரீத்திகாவுடையது. ஞாயிறுதோறும் சிவகாசியிலிருந்து கார் வரும். சப்பாத்தி, தொக்கு, வறுவல் என்று டப்பா டப்பாவாக இறங்கும். பாதிதான் அவள் தின்பாள். சனிக்கிழமை மிஞ்சியதை எல்லாம் வழித்து, பெருக்கித் துடைக்கிற கருப்பம்மாளிடம் கொடுத்துவிடுவாள்.

ஒரு சப்பாத்தி. அவ்வளவுதான் எடுத்தாள். நின்றுகொண்டே, சூடு பண்ணாமல், குளிர்ந்து விறைத்ததை அப்படியே தின்றாள். பிறகு மிச்சச் சப்பாத்திகளைக் கலைத்து அடுக்கி வைத்தாள்.

யாரும் கேட்கவில்லை. மறுநாள் இரண்டு எடுத்தாள். அடுத்த வாரம் தொக்கு, அதற்கடுத்து வறுவல். எப்படியும் சனிக்கிழமை கொடுத்துவிடப் போகிறவள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிரீத்திகாவுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை என்பது உண்மைதான். குறைந்தது கருப்பம்மாளுக்குப் போகிற பங்கு. அது வேல்விழிக்கு உறைக்கவில்லை. உறைத்தாலும் கை நின்றிருக்குமா என்று அவளுக்கே தெரியாது.

கருப்பம்மாளுக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். இடது கையில் தோள்வரை தோல் சுருங்கி, மெழுகு உருகி ஆறினமாதிரி இருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற ரூமில் பட்ட தீ. "அம்புட்டுத்தான் தாயி. எச்சித் தட்டு கழுவுனாலும் கழுவுவேன், இனி மருந்தத் தொட மாட்டேன்" என்று வேல்விழியிடம் ஒரு தடவை சொல்லியிருந்தாள். பட்டாசுக்காரி மகள் என்று தெரிந்ததிலிருந்து அவளிடம் கொஞ்சம் கூடுதல் ஒட்டுதல். கட்டிலுக்கடியில் பெருக்கும்போது அரிசிப் பையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நகர்த்தி வைத்துப் பெருக்குவாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை வேல்விழி முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகாமல் இருந்தாள். கீழ்த்தட்டில் பெரிய எவர்சில்வர் தூக்கு இருந்தது. மறுநாள் பிரீத்திகாவின் பிறந்தநாள். தோழிகளுக்குக் கொடுக்க அவள் அம்மா கோழிப் பிரியாணி அனுப்பியிருந்தாள். வேல்விழிக்கு அது தெரியும். முந்தின நாளே பிரீத்திகா, "நாளன்னைக்கு நீயும் வந்துருடி, டயட்டெல்லாம் ஓரமா வச்சிரு" என்று சொல்லியிருந்தாள். ஒரு நாள் பொறுத்திருந்தால் அவளே இலை போட்டுப் பரிமாறியிருப்பாள்.

ஒரு துண்டு மட்டும் என்றுதான் தூக்கைத் திறந்தாள். திறந்தது வரைக்கும்தான் நினைவு. அவளுக்குப் புத்தி வந்தபோது ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை எண்ணெய். தூக்கில் அடிச் சோறு மட்டும் இருந்தது. மடியில் எலும்புகள். பயத்தில் அவசரமாகப் பையிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எலும்புகளைப் பொட்டலமாக மடித்துக் குப்பைத்தொட்டியின் அடியில் திணித்தாள். மாடிக்குப் போய் வாந்தியெடுத்தாள். அம்புட்டும் வெளியே வந்துவிட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வார்டன் எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். பிரீத்திகாவின் கண் சிவந்திருந்தது.

"சாப்பாடு போனது பெருசில்ல மேடம். எங்கம்மா விடிய எந்திரிச்சுச் செஞ்சது. யாரோ நாய் தின்னமாதிரி தின்னுட்டுப் போயிருக்காங்க."

வார்டன் அதிகம் யோசிக்கவில்லை. "கருப்பம்மா, மதியம் இங்கன யாரு இருந்தது?"

"நான் பின்னாடி துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேம்மா."

"வாராவாரம் இந்தப் பிள்ள குடுக்குறதத் தின்னு பழகிட்ட. சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியல, என்ன?"

"நான் எடுக்கலம்மா. இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியமா எடுக்கல."

கருப்பம்மாள் சுற்றி நின்ற பிள்ளைகளை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். பார்வை வேல்விழியிடம் வந்து நின்றது. சுருங்கிய இடது கை முந்தானைக்குள் எதையோ இறுகப் பிடித்திருந்தது. வேல்விழி வாயைத் திறந்தாள். ஹாஸ்டலை விட்டு அனுப்பினால் எங்கே போவது, அம்மாவிடம் என்ன சொல்வது, இன்னும் எட்டு மாதம், ஏழு மாதம் என்று மனசுக்குள் எதுவோ ஓடியது. அது ஓடி முடிவதற்குள் வார்டன், "நாளையிலருந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டார். கருப்பம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த பத்து நாள் வேல்விழி கீழ்த்தட்டைத் தொடவில்லை. பன்னும் இறங்கவில்லை. புதிதாக வந்த பெண் கட்டிலுக்கடியில் பெருக்கும்போது பையைக் காலால் தள்ளினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விசாரித்து விசாரித்து, ஊருக்கு வெளியே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கருப்பம்மாளின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனாள்.

கருப்பம்மாள் வாசலில் குனிந்து காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கால் விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. அந்த நிறத்தை வேல்விழி சின்ன வயசிலிருந்து அம்மாவின் கையில் பார்த்திருக்கிறாள்.

"யக்கா, மருந்து வேலைக்கா போறீக? கம்பெனியெல்லாம் பூட்டிக் கெடக்கே?"

"கம்பெனியா? ஒரு தோட்டத்துல தகரச் செட்டுப் போட்டு ஓட்டுறாக. லைசென்ஸும் கெடையாது ஒண்ணும் கெடையாது. கூப்பிட்டாக, போறேன்."

"யக்கா, அது நாந்தான். பிரியாணிய நாந்தான் தின்னேன்." சொல்லிவிட்டு வேல்விழி அழ ஆரம்பித்தாள்.

கருப்பம்மாள் தண்ணீரை ஊற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

வேல்விழிக்குப் புரியவில்லை.

"குப்பையக் கொட்டுறது நாந்தான? எலும்பு மடிச்ச பேப்பருல பூரா ஒன் கணக்கு. அந்த ஹாஸ்டல்ல வேற யாரு கணக்குப் படிக்கா? அன்னைக்கு அந்தப் பேப்பரு என் கையிலதான் இருந்துச்சு."

"அப்ப ஏன்க்கா காட்டல?"

"நீயாச் சொல்லுவேன்னு நின்னேன்." கருப்பம்மாள் நிமிர்ந்தாள். "பசியில தின்னுட்ட, சரி. நானும் தின்னுருப்பேன். அந்தம்மா என்னயக் கள்ளின்னு சொல்லயில என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்ன பாரு. மறுநாளு வருவேன்னு இருந்தேன். அதுக்கு மறுநாளும் இருந்தேன். மூணாம் நாளு செட்டுக்குப் போயிட்டேன்."

"நான் இப்பவே போய் வார்டன்ட்ட சொல்லிருதேன்க்கா."

"சொல்லு, சொல்லாமப் போ. எனக்கு என்ன?" உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டாள். உட்காரு என்று கூடச் சொல்லவில்லை.

வேல்விழி வந்த வேகத்திலேயே வார்டனிடம் சொன்னாள். நின்றுகொண்டே, ஒன்றும் விடாமல் சொன்னாள். வார்டன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத. பெத்தவங்க காதுக்குப் போனா ஹாஸ்டல் பேரு கெட்டுரும்."

"கருப்பம்மாக்காவத் திரும்பக் கூப்பிடுங்க மேடம்."

"புது ஆளு வந்தாச்சே. இவ சம்பளமும் கம்மி. நான் என்ன சொல்லி அனுப்புறது? போ, போய்ப் படி."

தன்னை வெளியே அனுப்புவார்கள் என்று வேல்விழி எதிர்பார்த்திருந்தாள். அதுவும் நடக்கவில்லை.

பிரீத்திகாவிடமும் சொன்னாள். பிரீத்திகா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண் விரியக் கேட்டாள். கோபப்படவில்லை, அழுதுவிட்டாள். "லூசாடி நீ? ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடுத்திருப்பேன்ல?" என்று கட்டிக்கொண்டாள். கருப்பம்மாளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "பாவம்டி. தீபாவளிக்கு ஒரு சேலை வாங்கிக் குடுத்துருவோம்" என்றாள்.

சேலை வாங்கினார்கள். வேல்விழிதான் கொண்டு போனாள். வீடு பூட்டியிருந்தது. சீசன் முடிகிற வரைக்கும் கருப்பம்மாள் செட்டிலேயே தங்கி வேலை பார்க்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அந்தச் செட்டு எந்தப் பக்கம் என்று கேட்டால், அதையெல்லாம் வெளியே சொல்ல மாட்டார்கள் என்றாள். சேலையை அவளிடம் கொடுக்க மனசு வராமல் திரும்பக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு எங்காவது வெடித்தது என்று யார் ஃபோனில் செய்தி வந்தாலும், வாங்கிச் செத்தவர்கள் பெயரைக் கடைசி வரை படித்தாள்.

இப்போதெல்லாம் சிவகாசியிலிருந்து வருகிற காரில் இரண்டு பேருக்குச் சாப்பாடு வருகிறது. சாயங்காலம் பிரீத்திகா தட்டில் எடுத்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். வேல்விழி தின்று முடிக்கிற வரை எழுந்திருப்பதில்லை. முதல் நாள் வேல்விழி, இதைத் தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். தட்டு காலியான பிறகுதான் நினைத்தது ஞாபகம் வந்தது.

"இன்னும் ரெண்டு சப்பாத்தி வைக்கட்டுமாடி?" என்று பிரீத்திகா கேட்டாள்.

வேல்விழி தலையைக் குனிந்துகொண்டே தட்டை நீட்டினாள்.