படங்களில் விழுந்த சமையலறை

கஜந்தினி லண்டன் காட்டக் கூட்டிச் சென்றவர்கள் டவர் பாலத்தின் முன் நின்று எடுத்த படங்களில் பாலம் விழவில்லை. அவர்களுக்குப் பின்னால் நோர்பரியில் உள்ள அவளுடைய சமையலறை விழுந்தது. கழுவாத தட்டுகள், எண்ணெய் தெறித்த சுவர், பிட்டு அவித்த பானை எல்லாம் துல்லியமாக இருந்தன. அன்று நல்ல வெயில். கண்ணுக்குப் பாலம் தெரிந்தது. கைப்பேசிக்குத்தான் தெரியவில்லை.

அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த கோடையிலேயே கணவன் சயந்தனின் உறவுகள் வரத் தொடங்கிவிட்டார்கள். பாரிஸ், சூரிச், டொரன்டோ என்று ஒவ்வொரு கோடையும் யாராவது வந்தார்கள். பாலம், அரண்மனை, மணிக்கூண்டு, ராட்சதச் சக்கரம், கடைசியில் வெம்பிளியில் சேலைக்கடை, வழி மாறியதேயில்லை. வெளிச்சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துவராது என்பதால் அவள் விடியுமுன் எழுந்து பிட்டும் இறைச்சிக்கறியும் கட்டினாள். அதை அரண்மனைக்குப் பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, லண்டனில் வாய்க்கு ருசியாக ஒன்றுமில்லை என்றார்கள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்த அவளுக்குக் கிடைத்த லீவெல்லாம் இப்படியே போயிற்று. அவளுக்குக் கோபம் வருமா என்று யாரும் கேட்டதில்லை.

இந்த வருடம் நோர்வேயில் பெர்கனில் இருக்கும் அவளுடைய தங்கை பிரியந்திக்கு மார்பில் ஆபரேஷன். அவளுக்குப் பக்கத்தில் இருக்க வேறு ஆளில்லை. கஜந்தினி அதற்கென்று லீவை வைத்திருந்தாள். சயந்தன் அவளைக் கேட்காமலே அந்த லீவைத் தன் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டான். அண்ணன் கல்யாணசுந்தரம் மனைவி கலாவதியுடன் டொரன்டோவிலிருந்து வந்து இறங்கினார். ஆபரேஷன் விஷயத்தைக் கேட்டு, நோர்வேயில் ஆஸ்பத்திரிகள் நல்லவை என்று ஆறுதல் சொன்னார். அடுத்த மூச்சில், அரண்மனையில் காவல் மாறுவது எத்தனை மணிக்கு என்று கேட்டார். மறுநாள்தான் பாலம் படத்தில் விழாமல் போனது.

அரண்மனை வாசலிலும் சமையலறைதான் விழுந்தது. கலாவதி கைப்பேசியைச் சால்வையால் துடைத்துத் துடைத்து எடுத்தாள். வழியில் போன ஒரு ஜப்பானியரிடம் கொடுத்து எடுப்பித்தார்கள். அவர் படத்தைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டில் கல்யாணசுந்தரம் குறைப்பட்டார். "பிள்ளை, இவ்வளவு தூரம் வந்து உம்மடை குசினியையே நாங்கள் ஆக்களுக்குக் காட்டுறது?"

"லண்டனிலை நீங்கள் சாப்பிட்டதெல்லாம் அங்கையிருந்துதானே, அண்ணை. இப்ப பாத்துமாச்சு," என்றாள் கஜந்தினி. பிறகு கணவனைப் பார்த்தாள். "நான் நாளைக்குப் பெர்கனுக்குப் போறன்."

"வீட்டிலை ஆக்கள் நிக்கேக்கை எப்பிடிப் போவீர்?"

"பிளேனிலை."

போனாள். பிரியந்தி மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது அக்காவின் கை அவள் நெற்றியில் இருந்தது.

லண்டனில் படங்கள் மாறவில்லை. தட்டுகள் மட்டும் உயர்ந்துகொண்டே போயின. ஒரு நாள் படத்தில் சயந்தன் தோன்றினான், சட்டைக் கையை மடித்துக்கொண்டு. அதன்பின் விருந்தாளிகள் கிரீனிச்சில் நின்று ஒரு படம் எடுத்து, அதில் சோறு வெந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு ரயில் ஏறப் பழகிக்கொண்டார்கள்.

டொரன்டோவில் கல்யாணசுந்தரத்தின் வரவேற்பறையில் அந்தப் படங்களில் ஒன்று பெரிதாகத் தொங்குகிறது. அவரும் கலாவதியும் சிரித்தபடி நிற்கிறார்கள். பின்னால் சயந்தன் பானை தேய்க்கிறான். டவர் பாலத்தடியில் எடுத்தது என்று வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். வருகிறவர்களும், பாலம் வடிவாக இருக்கிறது என்கிறார்கள்.