ஹாரனுக்குப் பயப்படாத பறவை

சானமாவுக் காட்டு வளைவில் லாரியைப் புளியமரத்தில் மோதியதற்கு வெள்ளைச்சாமி ஊருக்கெல்லாம் சொன்ன காரணம் யானை. குறுக்கே வந்ததாம், இவன் வண்டியை ஒடித்தானாம், மரம் வந்து மோதிவிட்டதாம்! அந்தப் பக்கம் யானை நடமாட்டம் ஊரறிந்த சங்கதி என்பதால் லாரி முதலாளி அண்ணாதுரைகூட, "உசுரு தப்புச்சதே பெருசுப்பா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். நெற்றியில் போட்ட ஆறு தையலும் பிரித்த பிறகுதான் மனைவி பொற்கொடியிடம் உண்மை வந்தது.

"யானையும் இல்ல, பூனையும் இல்ல புள்ள. கண்ணு சொருகிருச்சு."

பொற்கொடி கத்தினாள், அழுதாள், குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தாள்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவாங்கல்ல" என்று மழுப்பினான் அவன்.

"ஆனைக்குச் சறுக்குனா ஆனை மட்டுந்தான் விழும். ஒங்களுக்குச் சறுக்குனா நானும் மகளும்ல சேந்து விழுவோம்? பேச்சுத்துணை இல்லாம இனிமே வண்டியில ஏறக் கூடாது. ஏறுனீங்க, நான் எங்க ஊருக்குப் பஸ் ஏறிருவேன்."

சொல்லிவிட்டாள். துணைக்கு ஆள் என்ன மரத்திலா காய்க்கிறது? இரண்டாயிரத்து ஆறில் கிருஷ்ணகிரிப் பக்கம் கிளீனர் தேடுவதற்குப் புதையல் தேடலாம். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து நிற்கிறது, யூனிபார்ம் கொடுக்கிறார்கள், கேண்டீனில் முட்டை போடுகிறார்கள். எவன் வந்து லாரி டயரைத் தட்டிப் பார்ப்பான்? பொற்கொடியே போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். செய்து வரும் சாமானை மெஷினில் மாட்டி ஓட்டிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் பிரிக்கும் வேலை. பக்கத்தில் நிற்கும் ராஜாத்திதான் யோசனை சொன்னாள்: "ஒரு பறவை வாங்கி வண்டியில வெச்சுருக்கா. எங்க மாமா வீட்டுக் கிளி வாயே மூடாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பழுது பார்த்து வந்த லாரியிலேயே குருபரப்பள்ளிக்குப் போனார்கள். அங்கே நெடுஞ்சாலை ஓரம் நாராயணப்பன் பறவைக் கடை வைத்திருந்தார். பெங்களூர்க் கார்களிடம் கன்னடம், வீட்டில் தெலுங்கு, மிச்சப் பேரிடம் தமிழ்.

"பச்சைக்கிளி கேக்காதம்மா. வளத்தா கேஸு. செக்போஸ்ட்ல கூண்டோட எறக்கிடுவாங்க. நம்மகிட்ட எல்லாம் கூண்டுலயே பொறந்ததுங்க."

"அப்ப ஒவ்வொண்ணா வண்டிக்குள்ள வைங்கண்ணா. ஓட்டிப் பாத்துதான் எடுப்பேன்."

"ஓட்டிப் பாக்கறதா? இதென்னம்மா சைக்கிளா?"

பொற்கொடி மசியவில்லை. முதலில் லவ் பேர்ட்ஸ் ஜோடி. இன்ஜின் உறுமியபோது பொறுத்துக்கொண்டன. வெள்ளைச்சாமி ஹாரனை அமுக்கியதுதான் தாமதம், இரண்டும் கூண்டின் அடியில் போய் ஒடுங்கிக்கொண்டன. "பாவம், எறக்குங்க" என்றாள். அடுத்து வெள்ளைக் குருவிகள். கேபின் முழுக்க இறகு. புறா பயப்படவே இல்லை. ஆனால் அது குர்குர் என்று இழுத்த இழுப்பில் வெள்ளைச்சாமிக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"அடக் கொடுமையே, இது தாலாட்டுல்ல பாடுது! எறக்குங்க, எறக்குங்க!"

நான்காவதாக ஒற்றைப் பறவை. சாம்பல் உடம்பு, தலையில் கொண்டை, கன்னத்தில் குங்குமப் பொட்டு வைத்தது போல ஒரு சிவப்பு. ஹாரன் அடித்ததும் கொண்டையை நிமிர்த்தி, குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச்சாமியை ஒரு பார்வை பார்த்துக் கீச்சென்று ஒரு அதட்டல் போட்டது. மறுபடி ஹாரன். மறுபடி அதட்டல். விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"என்னையவே வையுது புள்ள! ஒன்னைய மாதிரியே."

"இதுதான். பாஸ்" என்றாள் பொற்கொடி. "ஏண்ணா, ராத்திரி பூரா இப்படியே கத்திக்கிட்டு வரும்ல?"

நாராயணப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அய்யோ ராமா! பொழுது சாஞ்சா பறவை தூங்கிடும்மா. ராத்திரி முழிச்சிருக்கணும்னா ஆந்தையதான் புடிச்சாரணும்."

பொற்கொடிக்கு முகம் செத்துப்போனது. ஹாரன் பார்த்தாள், இன்ஜின் பார்த்தாள், எதற்காக வாங்க வந்தாளோ அதைப் பார்க்க மறந்துவிட்டாள். எட்டு மணி நேரம் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள்! அவமானமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரும்பியபோது வெள்ளைச்சாமி கூண்டுக் கம்பிக்குள் விரலை நீட்டிக்கொண்டிருந்தான். பறவை அதைச் செல்லமாகக் கவ்விப் பார்த்தது. திரும்பக் கொடுக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"சரி" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அது தூங்குனா நீங்களும் வண்டிய ஓரங்கட்டித் தூங்கணும். விடியக்காலம் அது எழுப்பும், எந்திரிச்சு ஓட்டுங்க."

"லோடு லேட்டாகுமே புள்ள. மொதலாளி கேட்டா மறுபடி யானையவா கூப்பிடச் சொல்ற?"

"உண்மையச் சொல்லுங்க."

வெள்ளைச்சாமி மறுநாள் போய்ச் சொன்னான். அண்ணாதுரை குதித்தார், வைதார், லாரிப் பழுதுக்கு ஆன செலவை நினைவூட்டினார். கடைசியில், "லோடு ஒரு நாள் லேட்டாப் போனாப் போவுது, நீ முழுசா வந்து சேரு" என்றார்.

புதன்கிழமை விடியற்காலையிலேயே பூனாவுக்கு லோடு கிளம்பியது. அன்று ராத்திரி ஏழரை மணிக்குப் பொற்கொடி போன் போட்டாள். செல்போன் வாங்கிய இரண்டு வருஷத்தில் இன்ஜின் சத்தமில்லாமல் போனில் அவன் குரலை அவள் கேட்டதே கிடையாது. இருவரும் தொண்டை கிழியக் கத்தித்தான் பேசுவார்கள். பழக்கதோஷத்தில் அவள், "எங்க இருக்கீங்க?" என்று கத்தினாள்.

"ஊப்ளி தாண்டி ஒரு தாபாவுல நிப்பாட்டியிருக்கேன்" என்றான், கிசுகிசுவென்று.

"என்ன, கொரலு இப்படி இருக்கு? ஒடம்புக்கு என்ன?"

"மெதுவாப் பேசு புள்ள. அது தூங்கிருச்சு."

பொற்கொடி போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். இன்ஜின் இல்லை, ஹாரன் இல்லை. அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சரி, நீங்களும் தூங்குங்க" என்று அவளும் கிசுகிசுத்தாள்.