படபடப்பு: இல்லை

காலை ஏழு நாற்பதுக்கு, மேசையில் படுத்திருந்தவரின் இதயம் திரையில் தறிகெட்டு ஓடியது. நிமிடத்துக்கு நூற்று நாற்பது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

மயக்க மருந்து கொடுக்க வந்த மருத்துவர் ஊசியைத் தட்டில் வைத்தாள். நேற்று அவளே கேட்டு நிரப்பிய படிவம் சுத்தமாக இருந்தது. படபடப்பு: இல்லை. மாத்திரைகள்: இல்லை.

"படபடப்பு இருக்கான்னு கேட்டேனேய்யா?"

"முப்பது வருஷம் தீயணைப்புல இருந்தவன்கிட்ட கேக்கற கேள்வியாம்மா அது? எரியற வீட்டுக்குள்ள போனவன். ஒரு குடலிறக்கத்துக்கா பயப்படுவேன்?"

அவள் நெஞ்சைப் பற்றிக் கேட்டிருந்தாள். அவர் வீரத்தைச் சொல்லியிருந்தார்.

அறுவை மருத்துவர் ஈரக் கைகளைத் தூக்கியபடி எட்டிப் பார்த்தார். "ஆரம்பிக்கலாமா?"

"அஞ்சு நிமிஷம்."

வெளியே பெஞ்சில் நோயாளியின் மனைவி கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவர் ஏதாவது மாத்திரை சாப்பிடறாராம்மா?"

"அவரா? தலைகீழா நின்னாலும் சாப்பிட மாட்டாரு." அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நான்தான் பொடிச்சு காபியில கலந்துடுவேன். ரெண்டு வருஷமா."

பையிலிருந்து இரண்டு அட்டைகள் வந்தன. ஒன்று துடிப்பை அடக்குவது. மற்றது இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது.

"கடைசியா எப்போ?"

"நேத்து சாயங்காலம். இன்னிக்கு வெறும் வயித்தோட வரச் சொன்னீங்களே, காபியே போடல. டாக்டர் சொன்னா மீறலாமா?"

இரண்டு நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டியது நேற்றுவரை தவறாமல் போயிருந்தது. நிறுத்தவே கூடாதது இன்று ஒழுங்காக நின்றிருந்தது. கத்தி வைத்திருந்தால் இரத்தம் லேசில் நின்றிருக்காது.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க, டாக்டர். அப்புறம் என் கையால பச்சத்தண்ணிகூட வாங்க மாட்டாரு. மருந்து எப்படி உள்ள போகும்?"

மருத்துவர் துடிப்பை அடக்கும் மாத்திரையில் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இன்னிக்கு ஆபரேஷன் இல்லய்யா. மூணு நாள் போகட்டும். முதல்ல இதயத்துடிப்பு அடங்கணும்." மாத்திரையையும் ஒரு வாய்த் தண்ணீரையும் நீட்டினாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கெதுக்கும்மா மாத்திரை? காலையில காபி குடிக்கல, அவ்வளவுதான். அவ போடற காபி உள்ள போனாலே நெஞ்சு தானா அடங்கிடும். அதுல அப்படி என்னதான் போடறான்னு நீங்களே அவளைக் கேளுங்களேன்?"