சென்னய்யா தூங்கிய தோணி

அருப்புக்கோட்டையில் தோணி கட்டினார்கள் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் ஒன்றல்ல, இரண்டு தோணி கட்டினார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. கட்டியவர்களில் ஒருவர் பந்தல்குடி ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருந்த யேசுதாசன். இன்னொருவர் அவருடைய சிநேகிதர், தறிக்காரர் சென்னய்யா. உள்ளூரில் ஓணான் பிடிக்காதவன் அசலூரில் உடும்பு பிடிக்கப் போனானாம் என்று தெருவே கேலி பேசியது. இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

யேசுதாசன் மிஷன் பங்களாவில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒல்லித் தோணி, நடுவில் ஓர் ஆள் காலை நீட்டி உட்காரக் குழி, இரு முனையிலும் பலகை வைத்த துடுப்பு. மூங்கில் பிளாச்சை வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் கெட்டித் துணியை இழுத்துத் தைத்து, தார் பூசினால் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது, வேனில் ஏற்றிக் கடலுக்கே கொண்டுபோய் விடலாம் என்றார். கெட்டித் துணிக்கு எங்கே போவது? "நான் எதுக்குலே இருக்கேன்?" என்று சென்னய்யா நெஞ்சைத் தட்டினார். தட்டியது அவர். நெய்தது அவர் மனைவி ராமலட்சுமி.

மனுஷன் ஊரெல்லாம் தோணிப் பெருமை பேசித் திரிந்த நாளில் அவள் தறிக்குழியில் உட்கார்ந்து, பருத்த நூலில், கை காய்த்துப்போக அந்தத் துணியை நெய்து முடித்தாள். நெய்யும்போதே ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. இந்தத் தோணியில் தானும் கடலில் போகவேண்டும், தன் கையால் ஓட்டிக்கொண்டு போகவேண்டும். அதை அவள் மறைக்கவும் இல்லை.

"நானும் ஓட்டுவேன்" என்றாள்.

"ஆசை இருக்கு தாசில் பண்ண!" என்று சென்னய்யா சிரித்தார். "பொம்பளை துடுப்புப் போட்டா ஊரு என்ன பேசும்? வேனுல உக்காந்து வா. கடலைக் கண்ணாரப் பாரு. ஒனக்கு அது போதும்."

போதுமாம்! தனக்கு எது போதும் என்று இவர் யார் அளந்து சொல்ல? ராமலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்து கிடந்தது. அதில் தோணிகளை விட்டுப் பார்த்தார்கள். சென்னய்யா ஏறின தரமெல்லாம் கவிழ்ந்தார். துடுப்பைக் கையில் எடுத்தால் போதும், தோணி அவரைத் தண்ணீரில் தட்டிவிடும். கிணற்றில் குதித்து நீந்தின உடம்பு என்பதால் பிழைத்தார். விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவராகக் கரையேறி, யேசுதாசனோடு டீ குடிக்கப் போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் ராமலட்சுமி சேலையை இழுத்துச் செருகினாள். தோணிக்குழியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இடுப்புக்குக் கீழே குழி, மேலே கையும் தோளும். சின்ன வயதிலிருந்து தறியில் அவள் உட்கார்ந்த இருப்புதானே? வலது, இடது, வலது, இடது. தோணி சொன்னபடி கேட்டது. மதகு வரைக்கும் போய்த் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதவள் மாதிரி கரையில் நின்றாள். பார்த்தது யேசுதாசன் மனைவி தெரசாள் மட்டும். "அடி ஆத்தே! அக்கா!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொங்கல் முடிந்து கிளம்பினார்கள். பல்பொடிக் கம்பெனி ஒன்று விளம்பரத்துக்கு ஓட்டிய பழைய வேனை யேசுதாசன் ஏலத்தில் எடுத்து, படுக்கப் பலகை, அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாம் உள்ளே வைத்து ஒரு வீடாகவே ஆக்கியிருந்தார். கூரைமேல் இரண்டு தோணி. பக்கவாட்டில் இன்னும் அழியாத பல்வரிசை. கமுதியில் நிறுத்தியதும் இலவசப் பல்பொடி கேட்டுக் கூட்டம் கூடிவிட்டது. கை நீட்டினவரை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல், தெரசாள் அடுப்புக்கரியைப் பொடித்து ஆளுக்கு ஒரு கிள்ளு கொடுத்தாள்.

சாயல்குடி தாண்டித் தெற்கே இறங்கினால் பனையும் உடைமுள்ளும் மணலும்தான். அதற்கப்புறம் கடல். காலையில் ஆண்கள் கரையோரமாகத் தோணி விடுவார்கள். சென்னய்யா இடுப்பளவு தண்ணீரைத் தாண்டமாட்டார். பிறகு வேன் அடுத்த இடத்துக்கு நகரும். அப்படியே கரையைப் பிடித்துப் போய், ஆள் அரவமில்லாத ஓரிடத்தில் நிறுத்தினார்கள். எதிரே ஒரு மைல் தூரம்கூட இருக்காது, ஒரு தீவு. வெள்ளை மணலும் பச்சைப் புதருமாக அது கிடந்த கிடப்பைப் பார்த்து ராமலட்சுமி சோற்றை மறந்து நின்றாள்.

"நாளைக்கு நாங்க அங்க போறோம்" என்றார் சென்னய்யா.

"நானும் வாரேன்."

"நீ இங்கேருந்து பாரு."

அவள் தட்டை ணங்கென்று வைத்தாள்.

சாப்பாடு முடிந்தது. டிரம்மில் தண்ணீர் தீர்ந்திருந்ததால் யேசுதாசனும் தெரசாளும் வேனை எடுத்துக்கொண்டு தூரத்து மீனவக் குப்பத்துக் கிணற்றுக்குப் போனார்கள். சென்னய்யாவுக்கு உண்ட மயக்கம். ஒரு தோணியை அலை தொடுகிற இடம்வரை இழுத்துப் போட்டு, குழிக்குள் காலை நீட்டி, பின்பக்கத் துணிமேல் தலையைச் சாய்த்தார்.

"மேல இழுத்துப் போட்டுப் படுங்களேன். தண்ணிக்கு இம்புட்டுப் பக்கத்துலயா?"

"மழை பெய்யாம தண்ணி எப்படிப் புள்ள ஏறும்? நம்ம கண்மாயில பாத்ததில்லையா? நெறைஞ்ச தண்ணி நாளுக்கு நாள் வத்தத்தான் செய்யும்."

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? நம் சீமையில் தண்ணீர் என்றால் அவ்வளவுதான். மேகம் கொடுக்கும், வெயில் வாங்கிக்கொள்ளும். நடுவில் தானாக ஏறி வருகிற தண்ணீரை யார் கண்டது? ராமலட்சுமிக்கும் அது சரியாகத்தான் பட்டது. பனை நிழலில் முந்தானையை விரித்துப் படுத்தாள்.

பாத்திரம் உருளுகிற சத்தத்தில் கண் விழித்தாள். கழுவிக் கவிழ்த்த சட்டியை அலை உருட்டிக்கொண்டிருந்தது. கடல் இவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தது! தோணி கிடந்த இடத்தில் தோணி இல்லை. வாடைக்காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ள, தூரத்தில் ஒரு கறுப்புக் குச்சியாக அது போய்க்கொண்டிருந்தது. குச்சிமேல் ஒரு தலை.

"ராமலட்சுமீ! ராமலட்சுமீ!"

வெளியிடத்தில் தமிழ் தவிர வேறு பேசாதவர், வீட்டில் பேசும் தெலுங்கிலும் காப்பாற்றச் சொல்லி அலறினார். வாய்க்கொழுப்புப் பிடித்தவரோ யாரோ, அவர் அவளுடைய மனுஷன். அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாலாபக்கமும் பார்த்தாள். ஒரு ஈ காக்கை இல்லை.

"சௌடேஸ்வரி தாயே, நீதான் துணை!"

யேசுதாசனின் தோணியை இழுத்துத் தண்ணீரில் விட்டாள். துணி காயப்போட்ட கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பனையில் சாய்த்திருந்த இரண்டு துடுப்பையும் எடுத்தவள், ஒன்றைக் கீழே போட்டுவிட்டாள். அவர் கையில் துடுப்பைக் கொடுத்தால் கவிழ்ந்துவிடுவார். சும்மா உட்கார்ந்திருக்கும் வரைக்கும் உயிருக்குப் பயமில்லை.

முதல் அலை மடியை நனைத்தபோது துடுப்பு ஒரு தரம் தடுமாறியது. பிறகு கை வழிக்கு வந்துவிட்டது. வலது, இடது. காற்று முதுகில் தள்ளியது. பயம் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் பொங்கிக்கொண்டு வந்தது சந்தோஷம். புருஷன் ஆபத்தில் இருக்கும்போது இது என்ன சந்தோஷம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அது போகவில்லை.

பக்கத்தில் போனதும் சென்னய்யாவுக்கு உயிர் வந்தது. உயிரோடு அதிகாரமும் வந்தது.

"துடுப்பை இங்க குடு. நான் ஓட்டுறேன்."

"எதுக்கு, கவுக்கவா?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ இதை எப்பப் படிச்ச?"

"நீங்க டீ குடிச்ச நேரத்துல."

கயிற்றால் இரண்டு தோணியையும் பிணைத்தாள். திரும்புகிறபோது காற்று நெஞ்சில் அறைந்தது. துடுப்பை இரண்டு வலி வலித்தால் ஒரு வலி தூரம்தான் தோணி நகர்ந்தது. தோள் தீயாக எரிந்தது. பின்னாலிருந்து சென்னய்யாவின் குரல் வந்தது.

"வலிக்குதா புள்ள?"

"வலிக்குது. ஆடாம உக்காருங்க."

"ரொம்பப் பயந்துட்டேன் ராமலட்சுமி."

"நானும்தான்."

கரையில் வேன் வந்து நின்றிருந்தது. யேசுதாசன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கத்தினார். "ஏலே சென்னய்யா! கிணத்தடியில இப்பத்தான் சொன்னாக. அமாவாசை நெருங்குதாம். தெனமும் தண்ணி ஏறி எறங்குமாம், இப்ப இன்னும் அதிகமா ஏறுமாம். அதுல போயிப் படுத்துக் கெடந்திருக்கியே!" தெரசாள் ஜெபமும் அழுகையுமாக நின்றாள்.

கால் எட்டுகிற இடத்தில் ராமலட்சுமி கயிற்றை அவிழ்த்தாள். சென்னய்யா இறங்கினார். அவள் இறங்கவில்லை. தோணியின் மூக்கைத் தீவின் பக்கம் திருப்பினாள்.

"எங்க போற?"

"தீவுக்கு."

"நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன் புள்ள. இன்னைக்கு அலுத்துட்ட."

"நான் ஒங்களைக் கேக்கலைங்க. சொல்லிட்டுப் போறேன்."

சென்னய்யா தண்ணீரில் நடந்து வந்து தோணியின் வாலைப் பிடித்துக்கொண்டார். தெரசாள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். இழுத்துக் கரையில் போடப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ராமலட்சுமியும் அப்படித்தான் நினைத்தாள், துடுப்பை இறுக்கிப் பிடித்தாள்.

"காத்து எதிர்ப்பா இருக்கும் திரும்பையில. பொழுது சாயிறதுக்குள்ள வந்துரு" என்றார். தம் கட்டி ஒரு தள்ளு தள்ளினார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை, அலை வந்துகொண்டிருந்தது. தீவின் மணலில் தோணி தட்டியதும் இறங்கி, ஈரச் சேலையோடு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு பெரிதாகச் சிரித்தாள். இந்தக் கரையில் சென்னய்யா வேனின் கூரைமேல் ஏறி நின்று, கண்ணுக்குமேல் கை வைத்துக்கொண்டு, "அந்தா நிக்கிறா பாருலே, என் பெண்டாட்டி!" என்று யேசுதாசனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.