றெனால்ட் போடவேண்டிய மண்

நிறஞ்சலா சோடாப் போத்தலின் மூடியைக் கழற்றி, பாதர் இருந்த கதிரையருகே ஸ்ரூலில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பாராமலே அம்மாவின் சவப்பெட்டியடிக்குப் போனாள். அந்த வீட்டார் நம்பாதவர்களுக்குத்தான் சோடா. விசாரிக்க வந்த ஆமிக்காரனுக்குச் சோடா. கூரைத் தகரம் தந்துவிட்டு, அதன் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்துப்போன உதவி நிறுவனக்காரருக்கும் சோடா. வீட்டுக் கோப்பையில் தேத்தண்ணி சொந்தக்காரருக்கு மட்டும். அம்மா பிரான்சிஸ்கா வகுத்த சட்டம் அது. அவள் பெட்டிக்குள் கிடக்கும் இன்றைக்கும் அதை மீற மகளுக்கு மனம் வரவில்லை.

பாதர் இந்தியாவிலிருந்து வந்த மிசனறி. ஊர் மீளக் குடியேறிய மறுவருடம் வந்தார். அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் ஊருக்கு அவர் 'வந்த பாதர்'தான். வந்தவர் எப்படியும் போய்விடுவார் என்பது ஊரின் எண்ணம். அம்மா பாயில் விழுந்த பிறகு தினமும் வந்து பக்கத்தில் குந்தியிருந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நிறஞ்சலா உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். அது அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"அப்பிடி என்னத்தை விடுத்து விடுத்துக் கேட்டவர்?" என்றார் தோமஸ் மாமா. அம்மாவின் தம்பி, கோயில் மூப்பர்.

"அண்ணனைப் பற்றித்தான் இருக்கும்."

"முந்தினவர் செய்த வேலையைத்தான் இவரும் செய்யப்போறார், பிள்ளை."

முந்திய பாதர் கெட்டவரல்ல. சண்டை முடிந்த அன்று அம்மாவே கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஆமியிடம் ஒப்படைத்த அண்ணன் றெனால்ட் திரும்பி வரவில்லை. தாய் மனம் ஆறட்டும் என்று நினைத்து, அந்தப் பாதர் ஒரு ஞாயிறு பூசையில் மரித்தவர்களோடு அவன் பெயரையும் வாசித்துவிட்டார். எழுந்து வெளியே போன பிரான்சிஸ்கா பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. "என்ர கையால குடுத்த பிள்ளை. செத்திட்டான் எண்டு சொல்ல அவர் ஆர்?"

சவக்காலையில், வெட்டிய குழியருகே, நிறஞ்சலா செபத்தைக் கேட்கவில்லை, மரித்தவர்களோடு அண்ணன் பெயர் வருகிறதா என்றுதான் காத்து நின்றாள். இன்று மட்டும் அப்படி வந்தால் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவேன் என்று பல்லைக் கடித்தாள்.

"தாயை இழந்து நிற்கும் பிள்ளைகள் றெனால்டுக்கும் நிறஞ்சலாவுக்கும் ஆறுதல் தாரும்" என்றார் பாதர்.

அவளுக்கு அழுகை வந்தது. சந்தேகம் போகவில்லை. நல்ல வார்த்தை சொல்லி ஏமாற்றிய பலரைப் பார்த்தவள்.

பெட்டியை இறக்கினார்கள். பாதர் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார். சுற்றி நின்றவர்கள் அசையவில்லை. மூத்த மகனின் மண் விழாமல் அந்த ஊரில் யாரும் போடுவதில்லை. அவன் இடத்தில் வேறொருவர் போட்டால், அவன் இல்லை என்று ஊரே கூடிச் சொன்னதாகிவிடும். முகங்களைப் பார்த்த பாதரின் கை அந்தரத்தில் நின்றது.

"மொதல்ல யாரும்மா போடணும்?"

"அண்ணன்."

"நான் தாய்மாமன்தானே, போடுறன்" என்று தோமஸ் குனிந்தார்.

"கொஞ்சம் பொறுங்க." பாதர் அவளிடம் திரும்பினார். "உங்க ஊரு மொறை எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் வெளியிலிருந்து வந்த எவரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அவள் கண் துடைத்த லேஞ்சியை விரித்து நீட்டினாள்.

"இதில போடுங்கோ. அண்ணன்ர பங்கு என்னட்ட இருக்கட்டும். மிச்சத்தை நாங்கள் போடுறம்."

பாதர் கையில் ஒட்டியிருந்த மண்ணையும் தட்டி லேஞ்சியில் விட்டார். அவள் அதை முடிந்துகொண்டாள்.

திரும்பி வரும் வழியில் நேராகவே கேட்டாள்: "நான் வந்தா ஏன் பாதர் கதையை நிப்பாட்டினீங்கள்?"

"நான் நிறுத்தலம்மா. அம்மாதான் நிறுத்துவாங்க. அண்ணன் பேரைக் கேட்டா நீங்க அழுவீங்களாம்."

வீட்டில் ஸ்ரூல் மேல் சோடா வாய் வைக்கப்படாமல் அப்படியே நின்றது. பாதர் கதிரையில் இருந்தார். தோமஸ் மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நிறஞ்சலா லேஞ்சி முடிச்சை அம்மாவின் செபமாலையோடு மாட்டிவிட்டுக் குசினிக்குப் போனாள். திரும்பி வந்து சோடாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள்.

"சீனி காணுமோ எண்டு குடிச்சுப் பாருங்கோ, பாதர்."