ஹேண்டிலுக்கு எத்தனை அகலம்

குவாரி இறக்கத்தில் ஜோஸ்னா சைக்கிளோடு விழுந்தபோது, அன்று காலை வீடுவீடாகப் போய் எடுத்த ரத்தம் முழுவதும், பெட்டியிலிருந்த குப்பிகள் உடைந்து, சரளையில் கொட்டிப்போயிற்று. முழங்கை உரிந்ததை அவள் பெரிதாக எண்ணவில்லை. மறுநாள் கிழவி சுகிர்தபாயின் வீட்டுக்குத் திரும்பவும் போய், எளிதில் அகப்படாத அந்த நரம்பை இரண்டாம் முறை தேட வேண்டியிருந்ததுதான் அவளை வாட்டியது. சுகிர்தபாய் கையை நீட்டினாள். முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஒரு மாடியில் இருந்தது ராபின்சனின் லேப். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவது ஜோஸ்னாவின் வேலை. அவள் முழங்கைக் கட்டைப் பார்த்துவிட்டு ராபின்சன் சொன்னார்.

"அகிலேஷுக்கு மொபெட் உண்டு. இனி அவன் போட்டும். நீ இஞ்ச இருந்து ஸ்லைடு பாரு."

"திங்கக்கிழமை நான் போறேன் சார். அண்ணைக்கு ஒரு குப்பி ஒடஞ்சாலும் பெட்டிய அவனுக்க கையில நானே குடுக்கேன்."

ராபின்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செரி. ஒரு திங்கக்கிழமை."

லேப்பில் கூட வேலை செய்யும் அகிலேஷ் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லேப் வேலையில் ஜோஸ்னாவுக்கு வெறுப்பு இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே கால்வாய்க் கரையில் கிடைக்கும் அந்த நேரம், யாரும் எதுவும் கேட்காத, அவளும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அந்த நேரம், வேறு எங்கும் கிடைப்பதில்லை. முந்தின இரவு படித்த புத்தகப் பக்கங்கள் அங்கேதான் அவளுக்கு முழுசாகப் புரியும். அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

ஏன் விழுந்தோம் என்று யோசித்தாள். வேகம் இல்லை. பிரேக்கும் பிடித்தது. முன்சக்கரத்தை ஒரு கல் திருப்பியது. அதைத் திரும்ப நேராக்கக் கையில் பிடிமானம் இல்லை. நெஞ்சோடு சேர்த்து வைத்த கைகளால் ஒரு கதவை எப்படித் தள்ளுவது? அண்ணன் ஜாய் ஷார்ஜாவுக்குப் போகுமுன் ஓட்டிய மவுண்டன் பைக் அது. அப்போது ஹேண்டில் முழுசாக இருந்தது. சைக்கிள் அவளிடம் வந்த பிறகுதான் சைக்கிள் கடைச் சதாசிவன் அதை இரண்டு பக்கமும் வெட்டினான்.

அது அந்தப் பக்கத்து வழக்கம். அவள் ரத்தம் எடுக்கும் சரோஜத்தின் வீட்டுக்குப் போகும் இடவழிதான் ஊரிலேயே ஒடுக்கமானது. இரண்டு பக்கமும் வெட்டுக்கல் மதில். அந்த அகலத்துக்கு ஒரு கம்பை வெட்டிச் சதாசிவன் கடையில் தொங்கவிட்டிருந்தான். நேர் ஹேண்டில் வைத்த எந்தச் சைக்கிள் வந்தாலும் அந்தக் கம்பைக் குறுக்கே வைப்பான்; மிஞ்சியதை ரம்பத்தால் அறுத்துவிடுவான். இறங்காமல் இடவழியைக் கடக்க வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் இரண்டு கருத்து இல்லை.

கடையில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தார் ராஜப்பன். ஜோஸ்னா சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள்.

"அண்ணா, எனக்க ஹேண்டில் குறுகிக் கிடக்கு."

"குறுகல்ல, நான் வெட்டினேன். சரோஜத்துக்க இடவழியில போவாண்டாமா?"

"இடவழியில நான் விழல்ல. குவாரியிலயாக்கும் விழுந்தது."

"அப்போ குவாரியையும் ரெண்டு பக்கம் வெட்டிக் குடு, சதாசிவா" என்றார் ராஜப்பன்.

ஜோஸ்னா தொங்கிய கம்பைத் தொட்டாள். "இத வெச்சு எத்தற ஹேண்டில் வெட்டியிருக்கு?"

"இந்தப் பக்கம் ஓடுத எல்லாம்."

"சைக்கிள் சவுட்டுத ஆளுக்க தோளும் எல்லாருக்கும் ஒரே அளவா?"

சதாசிவன் கம்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு உள்ளே போய்த் தாளில் சுற்றிய ஒரு புதிய ஹேண்டிலோடு வந்தான்.

"வெட்டாத்தது. காக்கா சிறகு விரிச்ச மாதிரி போ, மக்கா."

சனிக்கிழமை முழுவதும் அதோடு சுற்றினாள். கால்வாய்க் கரையில் கைகள் இரண்டும் விரிந்து, பிடரி வலித்தது. வளைவில் வெளிப்பக்கத்துக் கை தன்னை விட்டு ஓடுவதுபோல் நீண்டது. உடம்பு அதன் பின்னால் இழுபட்டது. குவாரி இறக்கத்தில் வெறும் பெட்டியோடு இறங்கிப் பார்த்தாள். விழவில்லை. ஆனால் கீழே வந்தபோது தோள் நடுங்கியது, கடைசித் திருப்பத்தில் மிகத் தாமதமாகத்தான் திரும்பியிருந்தாள்.

"காக்கா சிறகுன்னு நான் சொன்னேனல்லா" என்றான் கடையில் சதாசிவன்.

"அதும் எனக்குள்ளது இல்ல, இதும் எனக்குள்ளது இல்ல. எனக்குள்ளது நடுவில எங்கயோ உண்டு. கண்டுபிடிச்சிட்டு வாறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, நெய்யாற்றின்கரைக்குப் போய்த் திரும்பும் வழியில் பஸ் ஒரு ஏற்றத்துக்குக் கீழே நின்றுவிட்டது. ஆண்களையெல்லாம் இறங்கித் தள்ளச் சொன்னான் கண்டக்டர். ஜோஸ்னாவும் இறங்கினாள். செம்மண் தூசி படிந்த பின்பக்கத் தகரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றினாள். எங்கே ஊன்றுவது என்று அவள் யோசிக்கவில்லை. குதிகாலில் தொடங்கிய பலம் முதுகு வழியாக ஏறி, எங்கும் கசியாமல், கைகளில் நேராக இறங்கியது. பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்து, கொஞ்ச தூரம் போய், ஆட்களை ஏற்றிக்கொள்ள நின்றது.

மற்றவர்கள் கதவுக்கு ஓடினார்கள். அவள் பின்பக்கத்துக்கு ஓடினாள்.

தூசியில் அவளுடைய இரண்டு கைத்தடங்கள் இருந்தன. சுரிதார் ஷாலைக் கழற்றி, அதன் நுனியை ஒரு தடத்தின் வெளி ஓரத்தில் வைத்து, மற்றதன் வெளி ஓரம் வரை பிடித்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள்.

"பிள்ளே, பஸ்ஸ அளக்கதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில ஆளு உண்டு. ஏறு" என்றான் கண்டக்டர்.

"பஸ்ஸ இல்ல சேட்டா. என்னையாக்கும் அளக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் ஒரு சந்தேகம் வந்தது. பஸ்ஸை நின்றபடி தள்ளியிருந்தாள். சைக்கிளில் குனிந்துதான் இருப்பாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் கவிழ்ந்து, கண்ணை மூடி, உள்ளங்கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கினாள். அப்படியே இருந்து, எங்கும் நோகவில்லை என்று உறுதியான பிறகு, ஊன்றிய இடங்களைச் சாக்பீஸால் குறித்தாள். ஷாலை வைத்துப் பார்த்தாள். முடிச்சு குறியின் மேலேயே விழுந்தது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

மாலையில் கடைக்குப் போனபோது சதாசிவன் ஷாலை வாங்கி முகர்ந்து பார்ப்பதுபோல் பார்த்தான்.

"துணி இழுபடும். இதக் கொண்டா அளவெடுக்கது?"

"இழுக்காம பிடியுங்க அண்ணா."

அவன் இழுக்காமல் பிடித்தான். இரண்டு பக்கமும் சமமாகக் கோடு போட்டான். ரம்பத்தைக் கையில் எடுத்தவன் நிறுத்தினான்.

"இந்த அளவுக்கு வெட்டினா சரோஜத்துக்க இடவழியில மாட்டுமே மக்கா."

"மாட்டும். முக்குல சைக்கிள நிறுத்திட்டு நடந்து போவேன்."

சதாசிவன் ரம்பத்தைத் தாழ்த்தினான். இதை இதுவரை யாரும் சொன்னதில்லை போலிருந்தது.

"இடவழியில இறங்கினா, பின்ன சைக்கிள்காரனுக்கும் நடக்கவனுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் ராஜப்பன். இன்றைக்கு அவருக்குப் பஞ்சர் எதுவும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்.

"எனக்க குப்பி ஒடையாது மாமா. அதாக்கும் வித்தியாசம்."

சதாசிவன் அறுத்தான். ஓரத்தை அரத்தால் மழித்து, ரப்பர் பிடிகளை மாட்டினான். ஜோஸ்னா ஏறி உட்கார்ந்து கைகளை வைத்தாள். கை வைத்த இடத்தைக் கவனிக்கவே தோன்றவில்லை. சரியாக இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை சுகிர்தபாயின் நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. கிழவி இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. ஜோஸ்னா அடுத்து சரோஜம் வீட்டு இடவழி முக்கில் மதிலோடு சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மதிலின் பாசி ஈரமாக இருந்தது. அதில் நத்தை ஊர்வதை அவள் இத்தனை நாளும் பார்த்ததில்லை.

"சைக்கிள் எங்க? எவனாவது கொண்டுபோனானா?" என்று பதறினாள் சரோஜம்.

"முக்குல நிக்கி அக்கா. கைய நீட்டுங்க."

பிறகு குவாரி. மேலே நின்று பெட்டியின் கயிற்றை இறுக்கினாள். அவசரப்படவில்லை. உருண்டு கிடந்த சரளையில் சக்கரம் நெளிந்து இறங்கியது. பாதி இறக்கத்தில் ஒரு கல் முன்சக்கரத்தை இடப்பக்கம் அடித்தது. ஹேண்டில் துள்ளியது, இடது கை தள்ள, வலது கை இழுக்க, அவள் நினைத்து முடிக்கும் முன்பே சக்கரம் நேராகிவிட்டது. பின்னால் குப்பிகள் ஒருமுறை கிலுங்கின, அடங்கின. திருப்பத்தில் உடம்பு முழுவதும் சேர்ந்து திரும்பியது. கீழே தார்ச்சாலை வந்தபோது அவள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

லேப்பில் அகிலேஷ் மொபெட் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். ராபின்சன் பெட்டியைத் திறந்து, குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பெயரைப் படித்தார். ஒன்றும் ஒழுகியிருக்கவில்லை.

"ஒரு திங்கக்கிழமைன்னுதான் நான் சொன்னது" என்றார்.

"ஆமா சார். நாளைக்கு எந்தெந்த வீடு?"

ராபின்சன் கடைசிக் குப்பியைப் பெட்டியில் திரும்ப வைத்தார். பிறகு சொன்னார்: "குவாரிக்கு மேல ரெண்டு வீடு புதுசா உண்டு. அகிலேஷ், நீ நெய்யாற்றின்கரைக்குப் போய் மருந்து எடுத்துட்டு வா."

"செரி சார்" என்றான் அகிலேஷ். வேகமாகப் படிப்பக்கம் திரும்பினான். "எனக்கு ரெத்தம் கண்டா தல சுத்தும், அக்கா" என்று போகிற போக்கில் ஜோஸ்னாவிடம் மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான்.

ஜோஸ்னா கையைக் கழுவிக்கொண்டு குப்பிகளை வேலைக்கு எடுத்தாள். குவாரிக்கு மேலே உள்ள அந்த இரண்டு வீடுகளுக்கும் கால்வாய்க் கரையின் மறுபக்கத்துப் பாதைதான். அதில் அவள் இதுவரை போனதில்லை.