ஏழில் முடிகிற நம்பர்

அருணகிரி புது போன் வாங்கிய செய்தி ஆரணிக் கடைத்தெருவில் அன்றைக்கே பரவிவிட்டது. பரப்பியவர் வேறு யாருமில்லை, அவரேதான். காலையில் சேலைக் கடையைத் திறந்ததும் ஊதுவத்திகூட ஏற்றாமல் போனை எடுத்து, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி மேசைமேல் வைத்துவிட்டார். அப்புறம் யார்தான் கேட்காமல் போவார்கள்?

முதலில் கேட்டது பக்கத்துக் கடை குணா. போன் சமாச்சாரம் என்றால் அந்தத் தெருவில் அவன் வைத்ததுதான் சட்டம். எந்த மாதம் எந்தப் போன் வருகிறது, எதில் கேமரா நன்றாக இருக்கும், எது சூடாகும், எல்லாவற்றையும் வீடியோ பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தான். அவன் கையில் இருந்தது மட்டும் மூலை உடைந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பழைய போன்.

"இன்னா அண்ணே, எப்பிடி கீது புதுசு?"

"எழுத்து நல்லா பெருசா தெரியுதுபா. சவுண்டு கணீர்னு கேக்குது. போட்டோதான் சொல்லணும், அரக்கு அரக்காவே வருது. பழசுல எடுத்தா மண்ணு கலராட்டம் இருக்கும். பெங்களூர்க்காரங்க பொடவய பார்த்துட்டு, போட்டோல பார்த்தது இது இல்லன்னு திருப்பி அனுப்புவாங்க. ஒண்ணுதான் பேஜாரு. போன் வந்தா மேல தள்ளணுமாம். பழசுல பக்கத்துல தள்ளித் தள்ளி கை பழகிப்போச்சு. நான் எடுக்கறதுக்குள்ள கட் ஆயிடுது."

"எல்லாருக்கும் அப்பிடித்தான் அண்ணே. வாங்கினவங்க அத்தினி பேரும் வீடியோல அதான் சொல்றாங்க. மொத வாரம் கடுப்பா இருக்கும், அப்பால பழச தொடவே மனசு வராது."

பழைய போனில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றிக் கொடுத்தவன் அவருடைய மகன் கிரண். காலேஜ் முடித்துவிட்டு அப்பாவோடு கடையில் உட்காருகிறான். போட்டோ, மெசேஜ், வியாபாரிகளின் நம்பர்கள் எல்லாம் வரிசையாக ஏறி முடிந்ததும், "ஒண்ணு விடாம வந்துடுச்சுபா" என்று போனை நீட்டினான். வராமல் ஒன்று நின்றுபோயிருந்தது. அது அப்போது அப்பனுக்கும் தெரியவில்லை, பிள்ளைக்கும் தெரியவில்லை.

அந்த வீட்டில் கிரணுக்கு மூத்தவள் ஒருத்தி உண்டு, பானுப்ரியா. தாய் தெய்வநாயகி போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாமே அப்பாதான். வேலூரில் காலேஜ் சேர்த்த அன்றைக்கு அருணகிரி ஒரே கடையில் அடுத்தடுத்த நம்பராகக் கேட்டு இரண்டு சிம் வாங்கினார். ஆறில் முடிவது அவருக்கு, ஏழில் முடிவது அவளுக்கு. "எனக்கு அடுத்தது நீதான், மறந்துடாத" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அவளும் மறக்கவில்லை. ஆனால் டேவிட்ராஜ் என்ற வாத்தியாரைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டு கண்ணமங்கலத்தில் குடியேறினாள். அவர்கள் சாதியும் வேறு, சாமியும் வேறு. விஷயம் தெரிந்த அன்று அருணகிரி சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி போனைக் கிரண் பக்கம் நீட்டி, "இதுலேருந்து அவள எடுத்துடு" என்றார். கிரண் அப்போது பிளஸ் டூ. பயந்துகொண்டே வாங்கி ஏதோ செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதன் பிறகு அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை.

பத்து நாளில் அவள் போன் செய்வாள் என்று அருணகிரி நினைத்தார். செய்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் கோர்த்தும் வைத்திருந்தார். பத்து நாள் போயிற்று, மாதம் போயிற்று. பொங்கல் வந்தது, அவள் பிறந்தநாள் வந்தது, தெய்வநாயகியின் திதியும் வந்தது. அந்த நாட்களில் மனிதர் குளிக்கப் போனாலும் போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத்தான் குளிப்பார். யாராவது பெங்களூர்க்காரர் கூப்பிடுவதற்காக என்று கிரண் நினைத்துக்கொள்வான். ஏழில் முடிகிற நம்பரிலிருந்து ஒரு ரிங்குகூட வரவில்லை. கல்நெஞ்சுக்காரி, என்று அவர் முடிவு கட்டினார். கேட்பதற்காகக் கோர்த்து வைத்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோய், வலி மட்டும் நின்றது.

இவர் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்கத் தோன்றும். பெற்றவன் முதலில் இறங்கி வருவதா! அப்படி ஒரு வீம்பு. சரக்கோடு அவர் வேலூர் போகிற பஸ் கண்ணமங்கலம் வழியாகத்தான் போகும். அந்த ஊர் வரும்போது மட்டும் அவருக்கு எங்கிருந்தோ தூக்கம் வந்துவிடும். ஊர் தாண்டியதும் கண் விழித்துக்கொள்ளும்.

ஒரு தடவை ஆரணி பஸ் ஸ்டாண்டில் டேவிட்ராஜ் நேரே எதிரில் வந்து நின்றான். கையில் ஸ்வீட் பாக்ஸ்.

"மாமா, பொண்ணு பொறந்திருக்குதுங்க" என்று பாக்ஸைத் திறந்து நீட்டினான். அருணகிரி அசையவில்லை. அவன் குரல் தழுதழுத்தது. "ஒரு தடவையாச்சும் எடுங்க மாமா. அவ ரொம்ப அழுவுறா."

அருணகிரி பாக்ஸைப் பார்த்தார். பெற்ற மகள் ஒரு வார்த்தை பேசக் காணோம், இவன் ஸ்வீட்டை எடு என்று வந்து நிற்கிறான். திரும்பி நடந்துவிட்டார். எந்தப் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறி, போளூர் போகிற வழியில் பாதியில் இறங்கித் திரும்பி வந்தார் அன்றைக்கு.

புது போன் வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்து, வீட்டு ஜன்னலோரம் கட்டிலில் சேலைகளை விரித்துப் போட்டு அப்பாவும் பிள்ளையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிரண் முந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அருணகிரி போனைத் தூக்கிச் சேலைக்கு நேராகப் பிடித்தார். சரியாக அப்போது அது கையிலேயே அடித்தது.

பெயர் இல்லை, வெறும் நம்பர்தான். என் நம்பரிலிருந்து எனக்கே எப்படிப் போன் வருகிறது என்று முதலில் குழம்பினார். பிறகு கடைசி எண்ணைப் பார்த்தார். ஏழு.

எடுக்க வேண்டும் என்றுதான் அவர் விரல் போயிற்று. போன வேகத்தில் பழைய பழக்கத்தில் பக்கவாட்டில் தள்ளியது. மறுபடியும் தள்ளினார், அதுவும் பக்கவாட்டில்தான். மேலே தள்ள வேண்டும் என்று நினைவு வருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

அருணகிரி அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். விரித்த பட்டின்மேல் ஈகூட உட்கார விடாத மனிதர், அரக்குச் சேலையின் நடுவிலேயே உட்கார்ந்தார்.

"யாருபா?" என்றான் கிரண்.

"இத்தினி வருஷம் கழிச்சு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா அவளுக்கு?" என்றார். சொன்ன மாத்திரத்தில் கோபம் வடிந்து பயம் ஏறிக்கொண்டது. "ஏன்டா, ஏதாச்சும் ஆயிடுச்சா? கொழந்தைக்கு எதுனா…"

கிரண் போனை வாங்கிப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ, பிளாக் வரலபா. கம்பெனி மாறிடுச்சு இல்ல, பழசுல போட்டது இதுல ஏறல. நான் பாக்காம வுட்டுட்டேன். இரு, இப்பவே போட்டுடறேன்."

அவன் விரல் திரையில் ஓடியது. அருணகிரி வெடுக்கென்று போனைப் பிடுங்கினார்.

"இன்னாடா போடற?"

"பிளாக்குதான்பா. போட்டா அக்கா பண்றது உனக்கு வராது. நீதான அன்னிக்கி எடுத்துடுன்னு சொன்ன?"

"பேர எடுக்கச் சொன்னேன்டா!" குரல் உடைந்தது. "அந்தப் பேரு கண்ணுல பட்டா வயிறு எரியுதுன்னு பேர எடுக்கச் சொன்னேன். அவ என்னைக் கூப்புடவே கூடாதுன்னு நான் எப்படா சொன்னேன்?"

கிரணுக்கு முகம் வெளுத்துவிட்டது. பிடித்துக்கொண்டிருந்த முந்தியைக் கட்டிலில் போட்டான்.

"அக்கா வாராவாரம் பண்ணிகினுதான் கீதுபா" என்றான் கடைசியில். "சர்ச்சுக்குப் போயிட்டு வந்து, சாப்ட்டுட்டு. ஒரே ஒரு ரிங்கு போவும், அப்பால பிஸின்னு வந்துடும். அப்பா எடுக்க மாட்டேங்கறாருன்னு என்கிட்ட சொல்லி அழுவும். நீ கோவத்துல கீறன்னு நான் நெனச்சேன். பிளாக் போட்டதே நான்தான்னு அதுங்கிட்ட சொல்ல வாய் வரல."

ஒரு தடவையாச்சும் எடுங்க மாமா. பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையன் கேட்டது அருணகிரிக்கு இப்போதுதான் காதில் விழுந்தது. ஸ்வீட்டை எடுக்கச் சொல்லி அவன் கண் கலங்கவில்லை. போனை எடுக்கச் சொல்லி, பெண்டாட்டிக்காக நடுப் பஸ் ஸ்டாண்டில் நின்று கெஞ்சியிருக்கிறான். தான் பெட்டியைப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறோம்.

"உன்ன நம்பிக் குடுத்தேனேடா" என்றார். அதற்குமேல் திட்டத் தெம்பில்லை.

"நீ பண்ணியிருக்கலாமேபா." கிரண் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அங்கேருந்து வர்றததான் பிளாக் தடுக்கும். நீ பண்றத எதுவும் தடுக்காது. நீ ஒரு வாட்டி பண்ணியிருந்தா அக்கா எடுத்திருக்கும்."

பையன்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கக் கொஞ்சம் இடம் இருந்தது, அதையும் அவன் அடைத்துவிட்டான். பயந்துபோன ஒரு பையன் போட்ட பூட்டு ஒரு பக்கம்தான் பூட்டியிருந்தது. தன் பக்கம் இத்தனை வருஷமும் திறந்தேதான் கிடந்திருக்கிறது. அருணகிரிக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையின் முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

போனைத் தொட்டு அந்த நம்பரை அழுத்திக் காதில் வைத்தார்.

"நீங்கள் அழைக்கும் நபர் தற்போது வேறொரு அழைப்பில் உள்ளார்" என்றது ஒரு பெண் குரல். மரியாதையான குரல், ஒரு குறையும் சொல்ல முடியாது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அவளேதான், அதே மரியாதையோடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் பெண் இந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று நினைத்தபடி போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"அவளும் போட்டுட்டாடா" என்றார். "நியாயந்தான். போடட்டும்."

"இல்லபா, அக்கா உனக்குத்தான் அடிச்சிகினு இருக்கும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அடிச்சா ரெண்டு பேருக்கும் பிஸின்னுதான் வரும். ஜல்தி பண்ணாத. கொஞ்சம் வையி."

வைத்தார். கட்டிலில் போனை மல்லாத்தி வைத்துவிட்டு இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அடிக்கவில்லை. தெருவில் யாரோ பால் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள். மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அருணகிரி இன்னொரு தடவை அழுத்தினார்.

ரிங் போயிற்று. ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார்கள்.

"அலோ" என்றது ஒரு சின்னக் குரல். மூச்சு காதில் மோதியது. "யாரு?"

இந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் இல்லை.

"தாத்தா பேசறேன் கண்ணு."

அந்தப் பக்கம் யோசித்தது. பிறகு தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிற தெளிவோடு, "இல்ல. தாத்தா பிஸி" என்றது.

தூரத்தில் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் நின்றது. "யாருடி கண்ணு போன்ல?" என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி வந்தாள். அந்தக் குரலை அவருக்குத் தெரியும்.

"தாத்தா பிஸிம்மா" என்று பாடம் ஒப்பித்தது குழந்தை.

போன் கை மாறியது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு மூச்சு விடுவது மட்டும் கேட்டது. புது போனில் சவுண்டு கணீரென்று இருந்தது, ஒவ்வொரு மூச்சும் தெளிவாகக் கேட்டது.

"இல்லம்மா" என்றார் அருணகிரி. "அப்பா பிஸி இல்ல." துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார், பிறகு எடுத்தார். "நான் சும்மாதாம்மா இருந்தேன். இத்தினி வருஷமும் சும்மாவேதான் இருந்தேன்."